செஸ்கி தெஷின்: செக் ஊரில் போலிஷ் பலகை எதற்கு?

ரயில்பிரியன்

வணக்கம் நண்பர்களே. ஓஸ்ட்ராவா பக்கம் வேலைக்கு வந்து கொஞ்ச நாள் ஆகிறது. விடுமுறை கிடைத்தால் ரயிலேறி, ஏதாவது ஓர் ஊரில் இறங்கிச் சுற்றுவது என் வழக்கம். அப்படி இறங்கிய ஊர்தான் செஸ்கி தெஷின். செக் குடியரசின் கிழக்கு ஓரம். மக்கள்தொகை 24,000க்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நிலையத்துப் பலகையிலேயே ஊர்ப் பெயர் செக்கில் ஒருமுறை, போலிஷில் ஒருமுறை. ஊருக்குள் போனால் நகராட்சி, பள்ளிக்கூடம், தெருப்பெயர் என்று பல இடங்களிலும் இதே இரட்டை எழுத்து. பத்து நிமிடம் நடந்தால் ஓல்ஸா ஆறு. பாலம் தாண்டினால் போலந்து. அங்கே செஷின் என்று கிட்டத்தட்ட அதே பெயரில் இன்னொரு ஊர்.

என் சந்தேகம் இதுதான். போலந்து அந்தக் கரையில் கண்ணுக்கெதிரே இருக்கிறது. அப்படியிருக்க இந்தக் கரையில் செக் நகராட்சி எதற்குப் போலிஷில் எழுத வேண்டும்? பிழைப்புக்காக வந்து தங்கியவர்களுக்காகவா? கூட வேலை பார்க்கும் உள்ளூர்க்காரரிடம் கேட்டேன். "அது பெரிய கதை" என்று சிரித்துவிட்டுக் காபி எடுக்கப் போய்விட்டார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடக்குவாசல்

நீங்கள் இறங்கிய நிலையத்திலிருந்தே தொடங்கலாம். ஊர் இரண்டானதற்கு அந்த ரயில் பாதை பாதிக் காரணம்.

1918 வரை அது ஒரே ஊர். ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது, தெஷென் என்று ஜெர்மன் பெயர். கோட்டைமேடு, சந்தைச் சதுக்கம், பெரிய தேவாலயங்கள் எல்லாம் ஆற்றின் கிழக்குக் கரையில். மேற்குக் கரையில் இருந்தது புறநகர். ரயில் நிலையம் வந்த பிறகு வளர்ந்த பகுதி. 1910 கணக்கெடுப்பில் ஊரில் 61.5 சதவீதம் பேர் ஜெர்மன் பேசுவோர், 31.7 சதவீதம் போலிஷ், 6.6 சதவீதம் செக். யூதர்களின் பேச்சுமொழியான யித்திஷைப் பதிய இடமில்லாததால் யூதர்களில் பெரும்பாலோர் ஜெர்மன் கணக்கில் போய்ச் சேர்ந்தார்கள். ஊரைச் சுற்றியிருந்த கிராமங்களில் போலிஷ்தான் பெரும்பான்மை. ஆக, இன்று பார்க்கும் போலிஷ்காரர்கள் யாரும் பிழைக்க வந்தவர்கள் இல்லை. அப்பா, பாட்டன், பூட்டன் என்று அதே மண்ணில் இருந்தவர்கள்.

பேரரசு உடைந்ததும் 1918 நவம்பர் 5 அன்று உள்ளூர் போலிஷ் குழுவும் செக் குழுவும் உட்கார்ந்து பேசின. எந்தக் கிராமத்தில் யார் அதிகமோ அவர்கள் பக்கம் அது என்று தற்காலிகமாகப் பிரித்துக்கொண்டார்கள். எனக்குக் கேட்டால், இந்தக் கதையிலேயே உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான். செக் தலைநகர் பிராகுக்கு அது ஒப்பவில்லை. கார்வினாவின் நிலக்கரி, த்ரினெட்ஸின் இரும்பாலை, எல்லாவற்றுக்கும் மேலே போகுமினிலிருந்து கோஷிட்சே வரை போகும் ரயில் பாதை. 1872இல் முழுமையான அந்தப் பாதைதான் செக் நிலத்தையும் ஸ்லோவாக்கியாவையும் சேர்த்துக் கட்டிய இரும்புக்கயிறு. அதைப் போலந்திடம் விட்டுவிட்டு செக்கோஸ்லோவாக்கியா என்று ஒரு நாட்டை நடத்துவது கடினம். போலந்தோ அந்தப் பகுதியையும் சேர்த்துத் தன் நாடாளுமன்றத் தேர்தலை நடத்தப் போனது. 1919 ஜனவரி 23 அன்று செக் படை உள்ளே வந்தது. ஏழு நாள் சண்டை. ஸ்தோனவா கிராமத்தில் போலிஷ் சிப்பாய்கள் 20 பேர் கொல்லப்பட்டதை அங்கே இன்னும் யாரும் மறக்கவில்லை. நேச நாடுகள் தலையிட்டுச் சண்டையை நிறுத்தின.

பிறகு மக்கள் வாக்கெடுப்பு என்றார்கள். இரண்டு தரப்பு அடியாட்களும் கிராமங்களில் செய்த அட்டூழியத்தில் அதுவும் நடக்கவில்லை. 1920 ஜூலையில் சோவியத் படை போலந்துத் தலைநகர் வார்சாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. போலந்து பேரம் பேசும் நிலையில் இல்லை. ஜூலை 28 அன்று வல்லரசுகளின் தூதர்கள் கூடி ஆற்றையே எல்லையாக்கினார்கள். கோட்டையும் சந்தையும் போலந்துக்கு. நிலையமும் புறநகரும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு. நீங்கள் பார்த்த செஸ்கி தெஷின் அந்தப் புறநகர்தான். நகராட்சிக் கட்டடம்கூட 1920களில் புதிதாகக் கட்டியது.

கணக்குப்பிள்ளை

வரலாறு நன்றாக இருக்கிறது, நன்றி. ஆனால் கேள்வி இன்றைக்கு உள்ளது. அங்கே போலிஷ்காரர்கள் எல்லோரும் செக் மொழி தண்ணீர்பட்டபாடாகப் பேசுகிறார்கள். பலகையைப் படிக்கத் தெரியாமல் ஒருவரும் தவிக்கவில்லை. பிறகு எதற்குச் செலவு?

எண்ணிக்கையும் பாருங்கள். 2001 கணக்கெடுப்பில் செஸ்கி தெஷினில் போலிஷ்காரர்கள் சுமார் 16 சதவீதம். நாடு முழுவதும் எடுத்தால் 1991இல் 59,000 பேர், 2001இல் 52,000, 2011இல் 39,000. இருபது வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. கரைந்துகொண்டிருக்கும் கூட்டத்துக்காகப் பலகை வைப்பதில் என்ன பயன் என்று ஒரு வரிகட்டுபவராக நான் கேட்பேன். கோபம் வேண்டாம்.

மீனாட்சி

கோபமில்லை. நான் த்ரினெட்ஸில் இருக்கிறேன், செஸ்கி தெஷினிலிருந்து ரயிலில் கொஞ்ச தூரம். "காணாமல் போய்விட்டார்கள்" என்று நீங்கள் சொல்லும் ஆட்கள் என் மாடிப்படியில் தினம் ஏறி இறங்குகிறார்கள்.

எதிர்வீட்டு அம்மா எழுபதைத் தாண்டியவர். ஆகஸ்ட் முதல் வாரக் கடைசியில் யப்லுன்கோவில் மலைவாசிகள் திருவிழா நடக்கும், கோரோல்ஸ்கி ஷ்வியெந்தோ என்பார்கள். ஒவ்வொரு ஊர்ப் போலிஷ் சங்கமும் மரக்கொட்டகை போட்டுச் சாப்பாடு விற்கும். இந்த அம்மாவின் கொட்டகையில் உருளைக்கிழங்கு அடை. முதல் நாள் சாயங்காலம் உதவிக்குப் போனேன். தரையில் பேப்பர் விரித்து, மூட்டைக் கிழங்கைக் கொட்டி, நாலைந்து பெண்கள் உட்கார்ந்து தோல் சீவினோம். அவர்களுக்குள் பேசியது இரண்டு மொழியும் கலந்த உள்ளூர்ப் பேச்சு, நடுநடுவே ஜெர்மன் சொல்லும் வந்தது. என்னிடம் திரும்பினால் செக். நடுவில் சபையின் பாதிரியார் போனில் கூப்பிட்டார், அவரிடம் சுத்தமான போலிஷ். வங்கியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், மறுபடி செக். கையில் கத்தி நிற்கவே இல்லை.

அந்த அம்மாவின் மகன் கணக்கெடுப்பில் என்ன எழுதினார் தெரியுமா? செக் என்று. மனைவி செக், வேலை ஓஸ்ட்ராவாவில், "எதற்குத் தொல்லை" என்றாராம். ஆனால் பேரனைப் போலிஷ் பள்ளியில்தான் சேர்த்திருக்கிறார்கள். இப்போது சொல்லுங்கள், அந்த வீட்டில் எத்தனை போலிஷ்காரர்கள்?

இன்னொன்று. போலந்துக்காரர் என்றாலே கத்தோலிக்கர் என்று நாம் நினைப்போம். இங்கே அந்தப் பாதிரியார் உட்பட லுத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரர்கள் நிறையப் பேர். எனக்கும் முதலில் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

கணக்குப்பிள்ளை

அக்கா, அது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது! மகனே செக் என்று எழுதிவிட்டார். பிறகு பலகை யாருக்கு?

மீனாட்சி

பேரனுக்கு.

வடக்குவாசல்

பலகைச் சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. ஓர் ஊரில் ஒரு சிறுபான்மை 10 சதவீதம் இருந்தால் இரட்டை மொழிப் பெயர் கேட்கலாம். வட்டார, சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தை செக் குடியரசு 2006இல் ஏற்றது. அதில் கார்வினா, ஃப்ரீதெக்-மீஸ்தெக் மாவட்டங்களில் போலிஷுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. அதன் பிறகுதான் பல ஊர்களில் பலகைகள் ஏறின. ஏறிய வேகத்தில் சிலவற்றின் மேல் சாயமும் ஏறியது, அதுவும் போலிஷ் பாதியின் மேல் மட்டும். பயனே இல்லாத பலகை என்றால் ராத்திரியில் ஏணியும் சாயமும் தூக்கிக்கொண்டு ஒருவன் ஏன் வருகிறான்?

படிக்கத் தெரியாதவருக்கு வழிகாட்ட வைத்த பலகை இல்லை அது. இந்த ஊரில் நீங்களும் உரிமைக்காரர் என்று நகராட்சி எழுத்தில் ஒப்புக்கொள்வது. நூறு வருடமாக யாருக்கு உரிமை என்று அடித்துக்கொண்ட ஊரில் அதற்கு மதிப்பு உண்டு.

பழையகோப்பு

எல்லோரும் போலிஷ்காரர்களைப் பாவப்பட்டவர்களாகவே காட்டுகிறீர்கள். 1938ஐப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே? மியூனிக்கில் ஹிட்லருக்கு செக் நிலத்தை அறுத்துக் கொடுத்த அதே நாளில், செப்டம்பர் 30, வார்சா பிராகுக்குக் கெடு வைத்தது. அக்டோபர் 2 அன்று போலிஷ் படை பாலத்தைத் தாண்டி வந்தது. விழுந்து கிடப்பவன் பையில் கைவிடுவது என்பார்களே, அதுதான். செக் பள்ளிகளை மூடினார்கள், செக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். ஒரு வருடம்கூட அனுபவிக்கவில்லை, 1939 செப்டம்பரில் ஜெர்மானியர் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துச் செக் குடும்பத்துப் பேரன் இன்று போலிஷ் பலகையைப் பார்த்து முகம் சுளித்தால் அவனை மட்டும் குறை சொல்ல முடியுமா?

வடக்குவாசல்

ஒத்துக்கொள்கிறேன். இதை மறைக்க யாராலும் முடியாது, போலந்தே மறைக்கவில்லை. 2009இல் போர் தொடங்கிய 70ஆம் ஆண்டு நினைவு நாளில், வெஸ்டர்பிளாட்டேயில், போலந்து அதிபர் லெஹ் கச்சின்ஸ்கி அந்தச் செயலைப் பாவம் என்றே வெளிப்படையாகச் சொன்னார்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கெடு வைத்தது வார்சா. கரையில் வாழ்ந்தவர்களில் பூங்கொத்தோடு பாலத்தில் நின்றவர்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. பதினெட்டு வருடமாகத் தங்களை ஏமாற்றிய எல்லை போய்விட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். அதற்கான விலையையும் சீக்கிரமே கொடுத்தார்கள். ஜெர்மன் ஆட்சியில் முதலில் குறிவைக்கப்பட்டது போலிஷ் ஆசிரியர்களும் படித்தவர்களும்தான். போலிஷ் பள்ளிகள் எல்லாம் மூடப்பட்டன. ஜெர்மன் மக்கள் பட்டியலில் பெயர் எழுது என்று வற்புறுத்தினார்கள். எழுதினால் மகனை ஜெர்மன் ராணுவம் கூப்பிடும், எழுதாவிட்டால் வீடு போகும், முகாமுக்குப் போக வேண்டியும் வரலாம். 1944 ஆகஸ்ட் 6 அன்று ஷிவோதிட்சே கிராமத்தில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ 36 பேரைச் சுட்டுக் கொன்றது. அதில் போலிஷ்காரர்களும் இருந்தார்கள், செக்காரர்களும் இருந்தார்கள். நினைவிடம் இன்றும் இருக்கிறது.

யூதர்களை நாம் இந்தப் பேச்சில் விட்டுவிட்டோம். இரண்டு கரையிலும் அவர்கள் கடைகளும் தொழுகைக்கூடங்களும் இருந்தன. ஜெர்மானியர் வந்த 1939இலேயே தொழுகைக்கூடங்கள் எரிந்தன, பிறகு மக்களே இல்லாமல் போனார்கள். 1945க்குப் பிறகு ஜெர்மானியர்களும் வெளியேற்றப்பட்டார்கள். 1910இல் ஊரின் பெரும்பான்மையாக இருந்த மொழி இன்று தெருவில் கேட்பதே இல்லை. போலிஷ்காரர்கள் மட்டும்தான் கணிசமாக மிஞ்சினார்கள். எல்லைத் தகராறு காகிதத்தில் தீர்ந்தது 1958இல்தான், வார்சாவில் ஜூன் 13 அன்று போட்ட ஒப்பந்தத்தில்.

நாடோடி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறேன். இவ்வளவு ரத்தம் சிந்திய ஊரில் சுற்றிப்பார்க்க என்ன இருக்கிறது? சைவம்தான், முட்டை பரவாயில்லை.

ரயில்பிரியன்

நாடோடி, முட்டை ஓகே என்றால் பிழைத்துக்கொள்வீர்கள். :) போலந்துப் பக்கம் செஷினில் திறந்த சாண்ட்விச் பெயர் போனது. நீள ரொட்டித் துண்டின் மேல் காய்கறி சாலட், அதன் மேல் உப்பிட்ட ஹெரிங் மீன். மீன் இல்லாமல் முட்டை வைத்ததைக் கேட்டு வாங்குங்கள். கோட்டைமேட்டில் 11ஆம் நூற்றாண்டின் வட்டமான சிறு தேவாலயம், புனித நிக்கோலஸ் பெயரில். போலந்தின் 20 ஸ்லாட்டி நோட்டை எடுத்துப் பாருங்கள், அதில் அச்சிட்டிருப்பது அதைத்தான். கொஞ்சம் தள்ளி மூன்று சகோதரர் கிணறு. 810ஆம் ஆண்டில் மூன்று இளவரசர்கள் நீண்ட காலம் பிரிந்திருந்து அங்கே சந்தித்தார்கள், அந்தச் சந்தோஷத்தில் ஊர் கட்டினார்கள் என்று கதை. கதைதான்.

எனக்குப் பிடித்தது டிராம். 1911இல் செக் பக்கத்து நிலையத்திலிருந்து புறப்பட்டு, பாலம் தாண்டி, சந்தைப்பக்கம் மேடேறிப் போக டிராம் விட்டிருக்கிறார்கள். 1920இல் நடுவில் எல்லை விழுந்தது. ஒவ்வொரு நடைக்கும் பாலத்தில் வண்டியை நிறுத்தி எல்லோரிடமும் காகிதம் கேட்டால் டிராம் எப்படி ஓடும்? 1921இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது அதன் மாதிரி ஒன்றைச் செய்து செஷினில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஏறி உட்கார்ந்தேன், நகரவில்லை, அது வேறு விஷயம்.

வடக்குவாசல் சார், உங்களிடம் ஒன்று. 1920க்குப் பிறகு செக் பக்கத்து ஊரை யார் நடத்தினார்கள்? ஜெர்மானியரா, செக்காரரா?

வடக்குவாசல்

இந்தக் கேள்வி கேட்டதற்கு நன்றி. இந்த ஊர்க் கதையில் எனக்குப் பிடித்த ஆள் இங்கேதான் வருகிறார். யோசஃப் கோஷ்தோன். 1909இல் சிலேசிய மக்கள் கட்சியைத் தொடங்கியவர். சிலேசியா என்பது இந்த வட்டாரத்தின் பெயர். நாங்கள் போலிஷும் இல்லை, செக்கும் இல்லை, ஜெர்மனும் இல்லை, நாங்கள் சிலேசியர்கள் என்பதுதான் அவர் கட்சியின் பேச்சு. வீட்டில் போலிஷ் சாயல் உள்ள வட்டாரப் பேச்சு, படிப்பும் பண்பாடும் ஜெர்மன், சமயத்தில் லுத்தரன். போலிஷ் தேசியவாதிகளுக்கு அவர் துரோகி. 1923இலிருந்து 1938 வரை செஸ்கி தெஷினின் மேயர் அவர்தான். ஊரில் இன்று நிற்கும் பல பொதுக் கட்டடங்கள் அவர் காலத்தவை. போலிஷ் படை வந்ததும் கிளம்பினார். 1949இல் ஓபவாவில் இறந்தார்.

கணக்குப்பிள்ளை சார், இப்போது உங்கள் எண்களுக்கு வாருங்கள். எண்கள் சரி. ஆனால் அந்த ஊரில் மக்கள் எந்தக் கட்டத்தில் குறி போடுகிறார்கள் என்பது எப்போதுமே அந்தந்தக் காலத்து ஆட்சியைப் பொறுத்தது. ஆஸ்திரியக் காலத்தில் ஒன்று, 1921இல் ஒன்று, ஜெர்மன் பட்டியலில் ஒன்று, 1950இல் ஒன்று. அந்தச் சரிவில் செக்காக மாறியவர் பாதி இருக்கலாம், எழுத விரும்பாதவர் மீதி இருக்கலாம். எந்த இனம் என்ற கட்டத்தை நிரப்புவதே இப்போது கட்டாயமில்லை.

கணக்குப்பிள்ளை

"எழுத விரும்பாதவர்" என்று சொல்லி எந்தக் குறைவையும் விளக்கிவிடலாம் சார். பள்ளிகளில் சேர்க்கை, பத்திரிகை விற்பனை, இப்படி வேறு அளவுகோலும் இருக்குமே. அங்கேயும் இறங்குமுகம்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

மீனாட்சி

பந்தயத்தில் நீங்கள் தோற்க மாட்டீர்கள், அதை நான் மறைக்கவில்லை. கிராமங்களில் சின்னப் போலிஷ் பள்ளிகள் பிள்ளைகள் போதாமல் தவிக்கின்றன. 1945இல் தொடங்கிய போலிஷ் பத்திரிகை, இப்போது பெயர் க்வோஸ், பெரியவர்கள் வீட்டில்தான் அதிகம் பார்க்கிறேன். கலப்புத் திருமணம் அதிகம். சுரங்கம் ஒவ்வொன்றாக மூடியதில் இளைஞர்கள் பிராகுக்கும் ப்ருனோவுக்கும் போகிறார்கள், அது செக் பிள்ளைகளுக்கும் பொதுவான கதை.

ஆனால் இறங்குமுகம் என்பதால் எடுத்துவிடு என்கிறீர்களே, அங்கேதான் நான் ஒப்பமாட்டேன். செஸ்கி தெஷினில் யூலியுஷ் ஸ்வோவாட்ஸ்கி பெயரில் போலிஷ் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. எல்லாப் பாடமும் போலிஷில், செக் மொழியும் முழுப் பாடமாக. அங்கே படித்த பிள்ளைக்கு இரண்டு நாட்டுக் கல்லூரியும் திறந்திருக்கிறது. தெஷின் நாடகக் குழுவில் 1951இலிருந்து போலிஷ் அரங்கு என்று தனிப் பிரிவு, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நடிகர்களோடு. இதையெல்லாம் பத்து வருடம் மூடிவைத்துவிட்டுப் பிறகு திறக்க முடியாது.

பெண்களுக்கு ஒரு விஷயம் சொல்ல மறந்தேன். செக் நாட்டில் பெண்களின் குடும்பப் பெயருக்குப் பின்னால் "ஓவா" ஒட்ட வேண்டும் என்றிருந்தது. போலிஷ் சிறுபான்மைப் பெண்கள் அது இல்லாமல் பதிந்துகொள்ள முன்பே வழி இருந்தது. 2022இலிருந்து எல்லாப் பெண்களுக்கும் அந்த விருப்பம் வந்துவிட்டது. என் செக் தோழி ஒருத்தி, "உங்கள் போலிஷ்காரிகள் முன்னாடியே வாங்கிவைத்த சலுகை எங்களுக்கு இப்போதுதான் வந்தது" என்றாள்.

பழையகோப்பு

சரி, ஊரில் போலிஷ், செக் தவிர வேறு யாரும் இல்லையா? பல இன ஊர் என்று ஆரம்பித்து இரண்டோடு நின்றுவிட்டோமே.

ரயில்பிரியன்

பாலத்துப் பக்கம் நடந்தாலே தெரியும். செக் கரையில் வரிசையாக மதுக்கடை, துணிக்கடை. பலவற்றில் கல்லாவில் வியட்நாமியர்கள். சோஷலிசக் காலத்தில் தொழிற்பயிற்சிக்கும் வேலைக்கும் ஒப்பந்தத்தில் வந்தவர்களின் வாரிசுகளும், பிறகு வந்தவர்களும். ஒரு கடையில் அந்தப் பெண் எனக்கு முன்னால் நின்றவரிடம் போலிஷில் விலை சொன்னாள், பின்னால் இருந்தவரிடம் செக்கில், உள்ளே கணவரிடம் வியட்நாமிய மொழியில். பலகைச் சண்டை எதுவும் அவளைத் தொடவில்லை. கொருனாவும் வாங்குகிறாள், ஸ்லாட்டியும் வாங்குகிறாள்.

ஸ்லோவாக்கியர்களும் உண்டு, பெரும்பாலும் த்ரினெட்ஸ் இரும்பாலைக்கு வந்தவர்கள் என்று கேள்வி. ரோமா குடும்பங்களும் உண்டு.

மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. தமிழக எல்லை ஊர்களோடு ஒப்பிட்டு வந்த இரண்டு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே ஓல்ஸாக் கரையோடு நிற்போம்.

நாடோடி

ஒரு அப்பாவிக் கேள்வி. 2007இல் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் ஏற்பாடு வந்துவிட்டது, பாலத்தில் யாரும் காகிதம் கேட்பதில்லை. எல்லையே இல்லாதபோது இந்த விவாதமே பழைய காலத்துச் சண்டை இல்லையா?

மீனாட்சி

கொரோனா வந்த 2020 மார்ச்சில் நீங்கள் இங்கே இருந்திருந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள்.

மார்ச் 15 அன்று போலந்து எல்லையை மூடியது, செக் அரசும் அப்படியே. பாலத்தில் வேலி, சீருடைக்காரர்கள். அந்தக் கரை செஷினிலிருந்து தினமும் இங்கே வேலைக்கு வரும் போலந்துக்காரர்கள் ஆயிரக்கணக்கில். கார்வினா சுரங்கம், த்ரினெட்ஸ் ஆலை, நோஷோவிட்சே கார் ஆலை, ஆஸ்பத்திரிகள். 2018 டிசம்பரில் கார்வினா பக்கம் சுரங்கத்தில் மீத்தேன் வெடித்து 13 பேர் இறந்தார்கள், அதில் 12 பேர் போலந்துக்காரர்கள். அந்த அளவுக்கு இங்கத்திய வேலை அந்தக் கரையை நம்பி இருக்கிறது.

மார்ச் கடைசியில் தினமும் எல்லை கடப்பவர்களுக்கும் போலந்து 14 நாள் தனிமை என்றது. அதாவது ஒரு நாள் வேலைக்குப் போனால் இரண்டு வாரம் வீட்டில் அடைபட வேண்டும். பலர் இந்தக் கரையிலேயே விடுதியில் தங்கிவிட்டார்கள். பிள்ளைகளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்துக் கையசைத்தார்கள். போலந்துக் கரையில் "செக்காரரே, உங்களுக்காக ஏங்குகிறேன்" என்று யாரோ துணி கட்டினார்கள். சில நாளில் இந்தக் கரையிலிருந்து "நானும்தான், போலந்துக்காரரே" என்று பதில் துணி வந்தது. செய்தியில் எல்லாம் அழகாகக் காட்டினார்கள். அந்தத் துணியால் யாருக்கும் சம்பளம் வரவில்லை. ஏப்ரல் கடைசியில் இரண்டு கரையிலும் கூட்டம் கூடிச் சத்தம் போட்ட பிறகுதான் மே 4இலிருந்து தினசரி வேலைக்காரர்களுக்கு விலக்கு கிடைத்தது.

எதிர்வீட்டு அம்மாவின் தங்கை செஷினில் இருக்கிறார். இரண்டு பேரும் ஆற்றோரத்தில் எதிரெதிரே நின்று போனில் பேசிக்கொண்டார்கள். ஆறு அங்கே அகலமே இல்லை, சத்தமாகப் பேசினாலே கேட்கும். "பக்கத்தில் நிற்பவன் எல்லாம் கேட்பானே, அதான் போன்" என்றார்.

கணக்குப்பிள்ளை

அப்படியென்றால் பலகை வாதத்தை விடப் பெரிய விஷயம் இந்தத் தினசரி வேலைதான். இரண்டு நகராட்சியும் சேர்ந்து ஒரே பேருந்து, ஒரே ஆஸ்பத்திரி ஏற்பாடு என்று எதையாவது செய்தால் நான் கைதட்டுவேன். பலகைக்குக் கைதட்ட மாட்டேன், ஆனால் எடுக்கவும் சொல்ல மாட்டேன். இவ்வளவுதான் என்னால் இறங்க முடியும்.

வடக்குவாசல்

ஏற்றுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சேர்ந்து செய்யும் காரியங்கள் நடக்கின்றன. 1999இலிருந்து வருடாவருடம் எல்லையோரத் திரைப்பட விழா நடக்கிறது. ஒரு படம் இந்தக் கரை அரங்கில், அடுத்தது அந்தக் கரையில்; பார்வையாளர்கள் பாலத்தில் நடந்துகொண்டே இருப்பார்கள். 2012இல் நடப்பவர்களுக்கென்றே இன்னொரு பாலம் போட்டார்கள். இதையெல்லாம் இரண்டு பக்கமும் போய்ப் பேசி முடிக்க ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் பெரும்பாலும் யார் என்று நினைக்கிறீர்கள்? செக் கரையின் போலிஷ்காரர்கள்தான். அந்த உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள்.

பழையகோப்பு

திரைப்பட விழாவால் 1938 அழிந்துவிடாது.

வடக்குவாசல்

அழியாது. 1919ம் அழியாது.

நாடோடி

ஐயா, நீங்கள் இருவரும் பாலத்தின் இரண்டு முனையில் நின்று சண்டை போடுங்கள், நான் நடுவில் நடந்து போகிறேன். எனக்கு வேண்டியது: எந்தப் பணம் வைத்துக்கொள்ள? வீட்டுக்கு என்ன வாங்கிவர? ஞாயிற்றுக்கிழமை வரலாமா?

மீனாட்சி

ஞாயிறு வேண்டாம். போலந்தில் பெரும்பாலான ஞாயிறுகளில் பெரிய கடைகள் மூடியிருக்கும். அதனால்தான் அன்றைக்கு இந்தக் கரைக் கடைகளில் போலந்துக்காரர் கூட்டம். சனிக்கிழமை காலையில் வாருங்கள். யூரோவை நம்பாதீர்கள், இரண்டு நாட்டிலும் அது இல்லை. அட்டை எல்லா இடத்திலும் ஓடும், சந்தைக்கு மட்டும் கொஞ்சம் ஸ்லாட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியது ப்ரின்ஸ் போலோ வேஃபர். செஷின் ஊர்த் தயாரிப்பு, 1955இலிருந்து வருகிறது. போலந்து முழுக்கத் தின்கிறார்கள், ஐஸ்லாந்துக்காரர்களும் அதற்கு அடிமை. செக் கரையில் கோஃபோலா என்ற உள்ளூர்க் கோலா பானம் குடித்துப் பாருங்கள், கஷாயம் மாதிரி ஒரு வாசனை வரும், இரண்டாவது வாயில் பிடித்துவிடும். பாலத்தருகே அவியோன் என்று புத்தகங்களோடு ஒரு காபிக்கடை இருக்கிறது, மழை வந்தால் அங்கே ஒதுங்கலாம். பாஸ்போர்ட்டை மட்டும் மறக்காமல் பையில் வையுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் நம் மாதிரி ஆட்களைக் கேட்டாலும் கேட்பார்கள்.

நாடோடி

குறித்துக்கொண்டேன். சனிக்கிழமை ஓஸ்ட்ராவாவிலிருந்து காலை ரயில். ரயில்பிரியன் வருகிறீர்களா?

ரயில்பிரியன்

நிலையத்தில், அந்தப் பலகைக்குக் கீழே நிற்கிறேன். மீனாட்சி அக்கா, கோரோல்ஸ்கி திருவிழாவுக்கு அடுத்த முறை கிழங்கு சீவ ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள்.

மீனாட்சி

கத்தி நீங்களே கொண்டுவர வேண்டும். அந்த அம்மா வீட்டில் எல்லாம் மொட்டை.